அமைதி அறைத் திறப்பு விழா

ஒரு சமூகத்தின் உயரத்தை அதன் கட்டடங்களை வைத்து அளப்பது பழைய முறை. அதன் உபகுழுக்களை வைத்து அளப்பதே சரி. அப்படி அளந்தால், சிங்கப்பூரில் எங்கள் 'வடவட்டாரத் தமிழர் அரவணைப்பு மன்ற'த்தை எட்டிப்பிடிக்க இனி ஒருவர் பிறந்துதான் வர வேண்டும். பிறந்து வந்தாலும் கவலையில்லை. அவரை ஆண்டு விழாவுக்கு அழைத்து, ஒரு பொன்னாடை போர்த்தி, ஆலோசகராக்கி உட்கார வைத்துவிடுவோம்.

மன்றத்து உறுப்பினர்கள் ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் பக்கம் குடியிருப்பவர்கள். அலுவலகம் மட்டும் லிட்டில் இந்தியாவில், ஒரு கடைவீட்டின் மாடியில். வடக்கே இருப்பவர்களை அரவணைக்க அவர்களை இவ்வளவு தூரம் ரயிலேற்றி வரவழைப்பதில் ஏதோ ஒரு தத்துவம் இருக்க வேண்டும் என்று தலைவர் அழகப்பனிடம் கேட்டேன்.

"கீழ சாப்பாட்டுக் கடை நல்லா இருக்கும்மா," என்றார். அவர் பயண முகவாண்மை நடத்துபவர். இடங்களைப் பற்றி அவருக்குத் தெரியும்.

நான் இந்த மன்றத்தின் 'பயனாளி'. பெயர் சாமுண்டீஸ்வரி. பயனாளி என்பது ஒரு பொறுப்பே அல்ல என்று சிலர் நினைக்கலாம். தவறு. தலைவர் இல்லாமல் மன்றம் நடந்துவிடும். செயலாளர் இல்லாவிட்டால் இன்னும் நன்றாக நடக்கும். பயனாளி இல்லாவிட்டால் மறுநாளே கதவைச் சாத்த வேண்டியதுதான்.

என்னைப் பயனாளி ஆக்கியவள் என் மகள் பவித்ரா. பதினான்கு வயது. ஆட்டிசம் உள்ளவள். சிறப்புப் பள்ளியில் படிக்கிறாள். பேச்சு அதிகமில்லை. பேச்சு அதிகமுள்ளவர்கள் மன்றத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருப்பதால் எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. சத்தம் மட்டும் அவளுக்கு ஆகாது. நமக்குச் சத்தம் காதில் விழும். அவளுக்கு உடம்பில் விழும். அவளுடைய அப்பா மன அமைதி தேடி மெல்பர்ன் போனார். கிடைத்துவிட்டது என்று கேள்வி. தேடியது கிடைத்தவர்கள் திரும்பி வருவதில்லை.

போன வருடக் கடைசியில் என் கருப்பையில் ஒரு கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். நல்லதா கெட்டதா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் மருத்துவர். இரண்டு இரவுகள் நான் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அந்த இரண்டு இரவுகளும் எங்கள் ஈசூன் வீட்டில் பவித்ராவுடன் யார் இருப்பது?

தற்காலிகப் பராமரிப்பு இல்லங்கள் இருக்கின்றன. அங்கே இடத்துக்கு நீண்ட வரிசை. கட்டிக்கு வரிசையில் நிற்கும் பழக்கம் கிடையாது. பணிப்பெண்களும் வந்து பார்த்தார்கள். பவித்ரா கூவத் தொடங்கியதும் பெட்டியைக் கட்டினார்கள். ஜொகூரில் இருக்கும் என் தம்பி பிரேம், "இங்க கொண்டாந்து விட்டுடுக்கா," என்றான். புது வீட்டில் அவள் தூங்கிப் பழகவே ஒரு மாதம் ஆகுமே என்றேன். "அப்ப ஒரு மாசம் முன்னாடியே விடேன்," என்றவன், மனைவியை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்வதாகவும் சொன்னான். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

புதிய ஆட்களை பவித்ரா ஏற்றுக்கொள்ளவே மாட்டாள் என்பதில்லை. அதற்கு ஒரு வழி உண்டு. அந்த ஆள் சில சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஒருநாள் அவளாகவே அருகில் வந்து ஒற்றை விரலால் அவருடைய முழங்கையைத் தொடுவாள். அவ்வளவுதான். அதன்பிறகு அந்தக் கையால் கொடுத்தால் சாப்பிடுவாள், அந்தக் குரல் சொன்னால் படுப்பாள்.

சும்மா உட்காரத் தெரிந்த ஓர் ஆள். மன்றத்திடம் நான் கேட்டது அதைத்தான். எவ்வளவு பெரிய உதவியைக் கேட்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நிர்வாகக் குழு கூடியது. தலைவருக்கு வலப்பக்கம் செயலாளர் நிரஞ்சனா. சென்னையிலிருந்து வந்து இங்கே ஒரு பெரிய நிறுவனத்தில் ஊழியர்களின் மகிழ்ச்சியைக் கவனித்துக்கொள்ளும் துறையில் இருக்கிறார். இடப்பக்கம் கலைப்பிரிவுப் பொறுப்பாளர் ரகுபதி. செம்பவாங்கில் பிறந்து வளர்ந்தவர். மங்கல இசை இல்லாமல் தன் வீட்டில் குளிர்சாதனக் கருவியைக்கூட மாட்ட விடாதவர்.

"சொல்லு சாமும்மா, சமூகம் உனக்கு என்ன செய்யணும்?" என்றார் தலைவர்.

"பவித்ராகூட அமைதியா உக்கார ஒரு ஆள் வேணும் சார். பழகிட்டா, என் ஆபரேஷன் அப்போ ரெண்டு ராத்திரி வீட்ல தங்கினாப் போதும்."

"அமைதி..." என்று தலைவர் கண்களை மூடினார். குழுவும் மரியாதைக்காக மூடியது.

நிரஞ்சனா முதலில் திறந்தார். "அக்கா, நீங்க சொன்னதுல ஒரு பெரிய இன்சைட் இருக்கு. இந்தக் குழந்தைங்களுக்கு ஒரு குவாயட் ஸ்பேஸே இல்ல. அதான் ரூட் காஸ்."

"இடம் இருக்கும்மா. ஆள்தான் இல்ல."

"ஆளு பின்னாடியே வருவாங்க லா," என்றார் ரகுபதி. "மொதல்ல ரூம் போடுவோம். கோயில் கட்டாம சாமி வருமா?"

"இந்தச் சாமி ஈசூன்ல வந்து தங்கணுமே. ரூம் இங்க இருந்தா..."

"அதெல்லாம் லாஜிஸ்டிக்ஸ் அக்கா. அப்புறம் பாக்கலாம்."

என் கோரிக்கை 'கொள்கை அளவில்' ஏகமனதாக ஏற்கப்பட்டது. விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே இலை போடுவதற்குப் பெயர் கொள்கை அளவில் ஏற்பது. அன்றே நான்கு உபகுழுக்கள் பிறந்தன: அறைக்கு, பெயருக்கு, சட்டைக்கு, சாப்பாட்டுக்கு. ஆளுக்கு ஓர் உபகுழு அமைக்க ஆள் போதவில்லை.

பெயர் உபகுழு மூன்று கூட்டங்கள் நடத்தியது. ரகுபதி 'மௌன மண்டபம்' என்றார். கல்யாண மண்டபம் மாதிரி ஒலிப்பதாக ஆட்சேபம் எழுந்தது. அதனால்தான் வைத்தேன் என்றார் அவர். நிரஞ்சனா 'செரினிட்டி பாட்' என்றார். பாட்டில் மாதிரி இருக்கிறதே என்று தலைவர் வருந்தினார். கடைசியில் 'அமைதி அறை' வென்றது. சட்டை உபகுழு, தொண்டூழியர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் சட்டை தைத்தது. முன்பக்கம் 'நான் உன்னோடு'. பின்பக்கம் தலைவரின் பயண நிறுவனத்துத் தொலைபேசி எண்.

இதற்கிடையில் மருத்துவமனையிலிருந்து தாதி ஃபர்சானா அழைத்தார். நன்றாகத் தமிழ் பேசுவார்.

"அக்கா, தேதி குடுத்தாச்சு. உங்க மகள யாரு பாத்துக்கிறா?"

"எங்க மன்றம் பாத்துக்கும்மா."

"மாஷா அல்லா, நல்லது. ஆள் பேரு?"

"மன்றம்தான்."

"மன்றம் ராத்திரி எந்திரிச்சு தண்ணி குடுக்குமா அக்கா? ஒரு ஆள் பேரச் சொல்லுங்க. போன மாசம் ஒரு அம்மா, பிள்ளைய நெனச்சு கையில ட்ரிப்ஸ் ஊசியோட டாக்ஸி ஏறப் போய்ட்டாங்க. நான்தான் ஓடிப் பிடிச்சேன்."

பெயர் இல்லாததால் தேதி தள்ளிப்போனது. பின்னர் இன்னொரு முறையும் தள்ளிப்போனது. இரண்டாவது முறை ஃபர்சானா, "இன்னொரு தடவ தள்ளினா டாக்டர் என்னயத் திட்டுவாரு. கட்டி உங்களத் திட்டும்," என்றார்.

மன்றம் சும்மா இருந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சும்மா இருப்பது ஒன்றுதான் அதற்கு வரவில்லை. என் கவலையைக் கேள்விப்பட்டதும் 'இல்லம் தேடி அரவணைப்பு' என்ற திட்டம் உடனே தொடங்கப்பட்டது. முதல் வருகையாக நிரஞ்சனாவே எங்கள் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை வந்தார். ஆரஞ்சுச் சட்டை. கையில் ஒரு பலூன்.

"நிரஞ்சனா, பலூன் வேண்டாம்மா. வெடிச்சுடுமோன்னு அவ பயப்படுவா."

"இது நல்ல குவாலிட்டி அக்கா, வெடிக்காது," என்றவர், அதைச் சோபாவில் கட்டிவிட்டுக் கைப்பேசியை எதிரே நிறுத்தி வைத்தார். "ஹாய் பவித்ரா! ஐ ஆம் யுவர் ஃப்ரெண்ட்!"

பவித்ரா பலூனைப் பார்த்தாள். எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

"ஷை டைப்பா அக்கா?"

"கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்க. வந்துடுவா."

நிரஞ்சனா உட்கார்ந்தார். காலை ஆட்டினார். கைப்பேசியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பாவம், மகிழ்ச்சித் துறையில் இருப்பவர். சும்மா இருந்து பழக்கமில்லை. குளியலறைத் தாழ் மெல்ல நகரும் சத்தம் எனக்குக் கேட்டது. அதே நேரத்தில் அவர் எழுந்துவிட்டார். "அக்கா, எனக்கு ஒரு ஃபோன் கால் இருக்கு. பட் வெரி மீனிங்ஃபுல் விசிட்." மறுநாள் மன்றத்தின் முகநூல் பக்கத்தில் அந்தக் காணொளி வந்தது. பலூன் படத்தில் நன்றாக விழுந்திருந்தது. கீழே எங்கள் தொண்டூழியர்கள் கைகூப்பியும் இதயம் வைத்தும் குவிந்திருந்தார்கள். அதைவிட அதிகமான இதயங்களை நான் கசாப்புக் கடையிலும் பார்த்ததில்லை.

அந்தக் காணொளிக்கு நானும் நன்றி எழுதினேன். சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் தாய்க்கு முகத்தில் ஒரு தசை தனியாக வளர்ந்துவிடுகிறது. அதற்கு நன்றித் தசை என்று பெயர் வைத்திருக்கிறேன். மின்தூக்கியில் பவித்ரா கூவும்போது முகம் சுளிக்காதவருக்கு நன்றி. சுளித்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டவருக்கும் நன்றி. "பூர்வஜென்ம பாவம்" என்று சொல்லிவிட்டு விபூதி கொடுத்தவருக்கு, விபூதிக்காக நன்றி. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் அது தளராது. கண்ணாடி முன் நின்று விரலால் நீவி விட வேண்டியிருக்கும். அப்போதெல்லாம் கண்ணாடிக்குள் இருந்து ஒருத்தி என்னைப் பார்ப்பாள். அவள் யாருக்கும் நன்றி சொன்னவளாகத் தெரியவில்லை. சாமுண்டீஸ்வரி அவளாகத்தான் இருக்க வேண்டும். கூட்டங்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தது சாமும்மா.

மூன்றாவது முறையாகத் தேதி கிடைத்தது. அடுத்த மாதம். "திங்கக்கிழமைக்குள்ள பேரு சொல்லிடுங்க அக்கா, இல்லாட்டி இடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க," என்றார் ஃபர்சானா. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அமைதி அறைத் திறப்பு விழா. தலைவரிடம் சொன்னேன்.

"கவலப்படாத சாமும்மா. விழாவுக்கு நம்ம ஆளுங்க மொத்தப் பேரும் வர்றாங்க. அங்கயே ஒரு ஆளப் பிடிச்சிருவோம். பவித்ராவக் கட்டாயம் கூட்டிட்டு வா. பிள்ள இல்லாம எப்படித் திறக்கறது?"

நம்பினேன். நம்புவதற்கு வேறு எதுவும் கைவசம் இல்லாதபோது நம்பிக்கை மிகவும் சுலபம்.

ஈசூனிலிருந்து ரயிலேறி, தோபி காட் நிலையத்தில் மாறினோம். வடகிழக்குப் பாதை ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. முன்கண்ணாடி வழியாகச் சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டு போவது பவித்ராவுக்கு உயிர். இருட்டு நம்மை நோக்கி ஓடி வந்து, கடைசி நொடியில் வழிவிடும். நெற்றியைக் கண்ணாடியில் வைத்து மெல்லச் சிரித்தாள். லிட்டில் இந்தியாவில் இறங்கியபோது அவளுக்கு ஓசை தடுக்கும் காதுக்கவசத்தை மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், கப்பல்பட்டறையில் வேலை செய்யும் தம்பிகளுக்கு நடுவில், என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக நடந்தாள். மாடிப்படியும் ஏறிவிட்டாள்.

மேலே வாழைமரம் கட்டியிருந்தார்கள். அறை உண்மையிலேயே அழகாக இருந்தது. வான்நீலச் சுவர். ஒலியை உறிஞ்சும் நுரைப்பலகைகள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை இருக்கைகள். உள்ளே வடைத் தட்டுகளும் தாம்பூலப் பைகளும் பொன்னாடைகளும் அடுக்கியிருந்தன. மிச்சமிருந்த இடத்தில் சிறப்பு விருந்தினர் நின்றுகொண்டு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். வெளியே ஒரே சத்தமாக இருந்ததாம்.

உண்மையான சத்தம் இன்னும் தொடங்காமல் கதவருகே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தது. நாதஸ்வரம் ஒன்று, தவில் இரண்டு.

"ரகுபதி," என்றேன், "அமைதி அறைக்கா தவில்?"

"அதான் அக்கா கெட்டிமேளம் மட்டும்," என்றார் ரகுபதி, கனிவோடு. "முழுக் கச்சேரி வெக்கிறதா இருந்துச்சு. நான்தான் வேணாம்னு நிறுத்தினேன். பிள்ளைங்க சென்சிட்டிவ் இல்ல?"

"கெட்டிமேளமே அவளுக்குத் தாங்காது. வேண்டாம் ரகுபதி."

"நல்ல காரியம் அக்கா. ஊமையாத் திறந்தா நல்லாவா இருக்கும்? ஒரே நிமிஷம்."

நல்ல நேரம் முடியப்போவதாக யாரோ சொன்னார்கள். நான் பவித்ராவைத் திருப்பிக்கொண்டு படியை நோக்கிப் போவதற்குள் தலைவர் நாடாவை வெட்டினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

இரண்டு தவிலும் ஒருசேர இறங்கின. பவித்ரா தரையில் விழுந்தாள். காதுக்கவசம் ஒரு பக்கம் உருண்டது. அவள் அலறியது தவிலைத் தாண்டிக் கேட்டது. அதற்காக வித்வான்கள் இன்னும் கொஞ்சம் ஓங்கி வாசித்தார்கள். நான் அவள்மேல் கவிந்து என் இரு கைகளாலும் அவள் காதுகளை மூடிக்கொண்டேன். "பாவம்," என்றார் ஒருவர். "அம்மா தைரியசாலி," என்றார் இன்னொருவர். இருவரும் 'நான் உன்னோடு' சட்டை போட்டிருந்தார்கள்.

ரகுபதி குனிந்து காதோடு சொன்னார். "அக்கா, கோச்சுக்காதீங்க, கொஞ்சம் படிப்பக்கம் கூட்டிட்டுப் போயிருங்க. வீடியோல அலறல் விழுது. அமைதி அறைன்னு போட்டுட்டு அலறல் கேட்டா நல்லா இருக்காது லா."

படிக்கட்டில் உட்கார்ந்தோம். என் மடியில் முகத்தைப் புதைத்து, கைகளால் காதை அழுத்திக்கொண்டு ஆடிக்கொண்டே இருந்தாள். அவள் மூச்சு என் வயிற்றில் சரியாகக் கட்டி இருக்கும் இடத்தில் சுட்டது. கீழிருந்து ஓர் ஆரஞ்சுச் சட்டை ஏறி வந்தது.

"சிஸ்டர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. சாம்பார் போகணும்."

தள்ளினேன். நன்றி என்றும் சொன்னேன். தசை அவ்வளவு பயிற்சி பெற்றிருந்தது.

உள்ளே உரைகள் நடந்தன. 'அரவணைப்பு' என்ற சொல் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப வந்து படிக்கட்டு வரை இறங்கியது. தலைவர், தாமே சுவரைத் தடவிப் பார்த்ததையும் அது மெத்தென்று இருந்ததையும் சொன்னபோது தழுதழுத்தார். பிறகு நிரஞ்சனா ஓடி வந்தார்.

"அக்கா, நன்றியுரை! நீங்கதான் சொல்லணும். ப்ளீஸ், ரெண்டே நிமிஷம்."

"இவள யாரு பாத்துக்குவாங்க?"

நிரஞ்சனா திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற ஆரஞ்சுச் சட்டைகளும் திரும்பித் தங்களுக்குப் பின்னால் பார்த்தன. கடைசியில் நின்றவருக்குப் பின்னால் சுவர் இருந்தது.

"அவளையும் மேடைக்குக் கூட்டிட்டு வந்துருங்க அக்கா. விஷுவலா ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கும்."

எழுந்தேன். பவித்ரா காதுகளை மூடியபடியே என் இடுப்போடு ஒட்டிக்கொண்டு வந்தாள். எங்களைப் பார்த்ததும் கூடம் முழுவதும் கைதட்டியது. அவள் இன்னும் குறுகினாள். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். முகத்தில் அந்தத் தசை தானாகவே இழுத்துக்கொண்டது.

"எல்லாருக்கும் வணக்கம். தலைவருக்கு நன்றி. செயலாளருக்கு நன்றி. நான்கு உபகுழுக்களுக்கும் நன்றி."

கைதட்டல்.

"சுவருக்கு நீலம் அடிச்சவங்களுக்கு நன்றி. சட்டை தெச்சவங்களுக்கு, தவில் வாசிச்சவங்களுக்கு, சாம்பார் தூக்கிட்டு வந்தவருக்கு நன்றி."

பலத்த கைதட்டல். தலைவர் கைகூப்பினார். பக்கத்தில் சிறப்பு விருந்தினர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

அப்போது தசை விட்டுப்போனது. வலிக்கவில்லை. இத்தனை வருடம் இழுத்துப் பிடித்திருந்த ஒன்று சத்தமில்லாமல் தளர்ந்தது. கண்ணாடிக்குள் இருந்தவளின் குரலை முதல்முறையாகக் கேட்டேன். அது கத்தவில்லை. கறிகாய்க்காரரிடம் விலை கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டது.

"அடுத்த மாசம் எனக்கு ஆபரேஷன். ரெண்டு ராத்திரி. ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு ஒரு பேரு சொல்லணும். இல்லன்னா தேதி போயிரும். வர்ற சனிக்கிழமையிலேர்ந்து ஈசூனுக்கு வந்து பவித்ரா பக்கத்துல சும்மா உக்கார்றதுக்கு ஒருத்தர் வேணும். ஒரே ஒருத்தர். யாரு வர்றீங்க?"

கைதட்டத் தயாராக எழுந்திருந்த கைகள் அப்படியே நின்றன. பிறகு ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின. ரகுபதி தரையில் எதையோ தேடினார். நிரஞ்சனாவின் கைப்பேசி இறங்கியது. தலைவர் கண்களை மூடிக்கொண்டார். இந்த முறை குழு அவருக்கு முன்பே மூடியிருந்தது. தவில்காரர் குச்சியைச் சத்தம் வராமல் ஜமுக்காளத்தில் வைத்தார். யாரும் இருமவில்லை. நாற்காலிகள் முனகவில்லை. இவ்வளவு தமிழர்கள் ஒரே இடத்தில் கூடியிருக்க, கீழே சாப்பாட்டுக் கடைப் பாத்திரத்தில் கொதி அடங்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது.

பவித்ரா மெல்லக் காதுகளிலிருந்து கைகளை எடுத்தாள். தலையை நிமிர்த்தி, அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.

மன்றத்தைக் குறை சொல்பவர்கள் இதை அறிந்துகொள்ளட்டும்: எங்கள் சமூகத்தால் அமைதியை உருவாக்க முடியும். அதற்கு நீலச் சுவரும் வேண்டாம், நுரைப்பலகையும் வேண்டாம். ஓர் உதவி கேட்டால் போதும்.